விட்ட இடம்

ஆடிக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே
ஆளைத் தள்ளிக்கொண்டு இறங்குகிற ராத்திரி.
புளியரை எஸ் வளைவில் கவிழ்ந்த வைக்கோல் லாரியிலிருந்து
கசமுத்துவைத் தூக்கி வந்தார்கள்.
காதுக்குள்ளெல்லாம் வைக்கோல்.
பேர் சொன்னார். ஊர் சொன்னார்.
கிழமையை மட்டும் தப்பாகச் சொன்னார்.

தலையை அடுக்கடுக்காய்ப் படம் எடுத்தேன்:
அறுநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்.
பார்த்துச் சொல்ல வேண்டிய டாக்டர் அனிலா
மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில்.
ரோட்டில் போனால் ஒன்றரை மணி நேரம்,
காற்றில் நாலே நிமிடம் என்று
மெஷின் விற்க வந்தவன் சொல்லியிருந்தான்.

அறுபத்தொரு சதவீதம். நின்றது.
முதலிலிருந்து.
நாற்பத்து நாலு. நின்றது.
முதலிலிருந்து.

கேபிளைப் பிடுங்கி, ஊதிச் செருகினேன்.
இன்வெர்ட்டரைச் சந்தேகப்பட்டேன்.
போன மாதம் ஒயரைக் கடித்த குரங்கைத் திட்டினேன்
(சாரலுக்கு எங்கேயோ ஒதுங்கித் தூங்கிக்கொண்டிருக்கும், பாவம்).
கதவோரம் கிளீனர் பையன்:
"படம் போய்ச் சேந்துட்டாக்கா?"

பிறகுதான் லாகைத் திறந்து
அறுந்த நேரங்களை ஒரு ஸ்கேன் கவரின் முதுகில் எழுதினேன்.
ஒன்று பன்னிரண்டு. ஒன்று முப்பத்தொன்று. இரண்டு நாலு.
பக்கத்தில், அந்தந்த நேரத்தில் எங்கள் மோடத்துக்கு வாய்த்த
ஐபி முகவரியின் கடைசி எண்:
பதினேழு. இருநூற்று மூன்று. எண்பத்தெட்டு.

மொட்டை மாடிக் கம்பத்தில் கட்டிய மோடம்.
காற்று ஒரு பக்கம் சாய்த்தால் நம்ம டவர்,
மறு பக்கம் சாய்த்தால் மலையாளத்து டவர்.
ஆட்டத்துக்கு ஒரு முகவரி.
இருந்த இடத்தில் இருந்துகொண்டே
செக்போஸ்ட்டில் நிற்காமல்
எல்லையைத் தாண்டித் தாண்டித் திரும்பியிருக்கிறது.

புனலூர் சர்வருக்கு நம்பரைத்தான் தெரியும்.
அரை மண்டையைக் கொடுத்துவிட்டு
மீதி மண்டையோடு வேறு நம்பரில் போய் நின்றால்
"ஆரா?" என்கிறது.
வாங்கிவைத்த அரையையும் கீழே போட்டுவிடுகிறது.

அந்தப் பக்கத்து ஷிஜோவைப் போனில் எழுப்பினேன்.
நான் சொல்லச் சொல்ல
அனுமதிப் பட்டியலில் புது நம்பரைச் சேர்த்தான்.
எண்பத்தெட்டை அவன் அடித்து முடிக்கும் முன்
நான் நூற்று நாற்பதாகிவிட்டிருந்தேன்.
"சேச்சீ, நீங்க ஒரு ஆளா, ஒரு பஸ் நிறைய ஆளா?"

உள்ளே கசமுத்து வாந்தியெடுக்கும் சத்தம்.

"நம்பரை விடு ஷிஜோ.
சாவி ஒன்று அனுப்புகிறேன்.
எந்த வாசலில் வந்தாலும் சாவி பொருந்தினால் நான்தான்.
இன்னொன்று,
வந்தவரைக்கும் வந்ததைக் கீழே போடாதே.
எண்ணி வை. அடுத்தது எத்தனையாவது என்று
உன் பக்கத்திலிருந்து கேட்கச் சொல்."
கொட்டாவியும் கீபோர்டுமாகப் பத்து நிமிடம்.

மூன்று பதினெட்டு. அனுப்பினேன்.
முந்நூற்று எழுபத்தாறில் அறுந்தது.
கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்,
எதையும் தொடவில்லை.
புது முகவரி வந்தது.
புனலூர் கேட்டது.
முந்நூற்று எழுபத்தேழு போனது.

எனக்கும் இந்தப் பத்து வருஷத்தில்
நாலு வாடகை வீடு, மூன்று சிம், இரண்டு இனிஷியல்.
போன ஆபீசிலெல்லாம்
முதல் பக்கத்திலிருந்துதான் எழுதச் சொன்னார்கள்.

மூன்று நாற்பதுக்கு அனிலா கூப்பிட்டார்.
"ரத்தக் கட்டு இருக்கு. சின்னதுதான், ஆனா வளரும்.
இப்பவே நெல்லைக்கு அனுப்புங்க."
ஆம்புலன்ஸில் ஏறும்போது கிளீனர் பையன்
என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்,
பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பிய ஆளைப் பார்ப்பதுபோல.

டேபிளுக்கடியில் கசமுத்துவின் ஒற்றைச் செருப்பு.
அதை எடுத்துக் கவரில் போட்டு
அவர் பேரை எழுதினேன்.
வைக்கோலைப் பெருக்கினேன்.
மாடியில் கம்பம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
இப்போது நாங்கள் எந்த நம்பர் என்று
நான் போய்ப் பார்க்கவில்லை.