மான் தின்ற மீன்

என் வானில் ஒன்பது பேர்,
ஐந்து ஜப்பான், நான்கு கொரியா.
பயணத் தாளில் அச்சடித்திருக்கிறது:
‘இரு நாட்டுக் கலை, ஒரே பாதை.’
அச்சடித்தவன் உப்புவெளி வரை வந்தவன் இல்லை.

கன்னியாவிலேயே தொடங்கிவிட்டது.
ஏழு கிணறு, ஏழு சூடு.
வாளியைக் கையில் பிடித்தபடியே
ஒரு கிண்ணத்துக்காகச் சண்டை.

‘எங்கள் குயவன் சோறு தின்னச் செய்தது’ என்றார் ஓக்-ஹி.
‘அதில் தேநீரைக் கண்டது நாங்கள்’ என்றார் குராமோச்சி.
‘கண்டீர்களா? குயவனையும் சேர்த்தல்லவா
கப்பலில் ஏற்றிக்கொண்டு போனீர்கள்!’

அன்சானில் ஆறு வருஷம்
பிளாஸ்டிக் மூடி வார்த்துப் படித்த கொரிய மொழி எனக்கு;
மேலாளர் திட்டியதில் வினைச்சொல் எல்லாம் அத்துபடி.
ஜப்பான் மொழி, தொழில் இல்லாத
மூன்று மாரிகாலத்துத் தேட்டம்.
கடைசி வாக்கியத்தை மட்டும்
‘குயவனும் கப்பலில் போனான்’ என்று சொன்னேன்.
பிறவினையைத் தன்வினை ஆக்கியதும்
வான் அமைதியானது.
எனக்குத்தான் வேர்த்தது.

பிரெட்ரிக் கோட்டை வாசல்.
காவலுக்கு நின்ற பொடியன்
அனுமதிக் கடிதத்தின் முத்திரையை
வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டான்.
வாசற்கல்லில் இரட்டைக் கயல்,
பாதி எழுத்து.
இது கோயிற்கல், என்றேன்,
பிறகு கோட்டைக்கு
வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஓக்-ஹி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.
‘கொண்டுவரப்பட்டது’ என்றேன்,
இரண்டு மொழியிலும்.

யாரும் படம் எடுக்கவில்லை.

பிறகு பைகள் திறந்தன.
அவரிடம் ஒரு தாள், இவரிடம் ஒரு தாள்,
இரண்டும் ஒரே சாதி மரத்துப் பட்டை.
கல்லில் ஈரத்தாள் ஒட்டி
மைப்பொதியால் தட்டித் தட்டி எழுத்தை எடுக்கிற வேலைக்கு
அவர் ‘தகுஹோன்’ என்றார், இவர் ‘தக்பொன்’ என்றார்,
முதல் தடவையாக என்னைப் பாராமல்
ஒருவரை ஒருவர் பார்த்து.
உங்களுக்கு என்ன சொல்?
மைப்படி.
இரண்டு வாயிலும் அது கோணலாகத்தான் வந்தது.

ஆளுக்கொரு மீன் எடுத்தார்கள்.
காயட்டும் என்று புல்லில் விரித்து
மூலைக்கு மூலை கல் வைத்துவிட்டு
இளநீர் குடிக்கப் போனோம்.

கோட்டை மான்களுக்கு
வாழைப்பழத் தோல் தெரியும், பூமாலை தெரியும்,
பட்டைத்தாள் புதுசு.
திரும்பி வந்தால்
கிளைக்கொம்பன் ஒன்று
குராமோச்சியின் மீனை வால் வரை முடித்து
ஓக்-ஹியின் மீனில் செதிலைத் தொடங்கியிருந்தது.
வாயெல்லாம் மை.

கத்தியவன் நான் ஒருவன்தான்.
அவர்கள் இருவரும்
சிரித்துச் சிரித்து மண்ணிலேயே இருந்துவிட்டார்கள்.
‘யாருடைய தாளாம் ருசி?’
ஓக்-ஹி கேட்டது கொரிய மொழியில்.
நான் வாய் திறக்குமுன்
குராமோச்சி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

இரவு நிலாவெளியில், மீன் பொரியலுக்கு நடுவே,
கிண்ணச் சண்டை மறுபடி தொடங்கியது.
கப்பல் வந்தது, குயவன் வந்தான்.
இந்த முறை
ஒரு சொல்லையும் நான் விழுங்கவில்லை.