சோலி சுரட்டு இல்லாதவள்

இரண்டு கடிதங்கள். விடிவதற்குள் போகவேண்டும்.
வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி;
தெற்கே போகும் கடைசி ரயில்
யன்னல் கண்ணாடியை ஒருதரம் உலுக்கிவிட்டுப் போயிற்று.

தினுகவின் கடிதம் பத்து நிமிடத்தில் முடிந்தது.
"தலைமை தாங்கப் பிறந்தவர்" என்றேன்.
"கத்தி இவர் கையில் தானே யோசிக்கிறது" என்றேன்.
கொஞ்சம் கூடித்தான் போயிற்று. இருக்கட்டும்,
நல்ல பிள்ளை,
போன கிழமையும் வீட்டு மரத்து மங்குஸ்தான் கொண்டுவந்தவன்.
அனுப்பியும் ஆயிற்று.

தவச்செல்விக்கு ஒரு மணித்தியாலம்.
கடின உழைப்பாளி. நேரம் தவறாதவர்.
பணிவானவர். சிங்களம் சரளமாகப் பேசுவார்.
எழுதி, வாசித்து, ஆறிப்போன பிளேன்ரீயைக் குடித்து
கடைசியில் ஒன்று சேர்த்தேன்:
எவரோடும் முரண்படாதவர்.
எங்கடை பாசையில் சொன்னால்
ஒரு சோலி சுரட்டுக்கும் போகாதவள்.

வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன்
எழுதிய கடிதம் மாதிரி இருந்தது.
எந்தச் சொல்லை மாற்றுவது?
ஒன்றுகூடப் பொய்யில்லை.

வெசாக் இரவு.
தோரணம் பார்க்கப் போன முச்சக்கர வண்டி புரண்டு
பதினேழு வயதுப் பெடியன், வயிறு முழுக்க இரத்தம்.
இரண்டு கடிதத்திலும் அந்த இரவு இருக்கிறது.
அவன் கடிதத்தில், "சத்திரசிகிச்சையை வழிநடத்தினார்."
அவள் கடிதத்தில், "உதவினார்."

நான் எங்கே நின்றேன்?
பொரளைச் சந்தியில். தன்சல் வரிசைக்கும் பஸ்ஸுக்கும் நடுவில்
காரை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி.
"சேர், சேர்" என்கிறான் தினுக.
பின்னால் உறிஞ்சுகுழாயின் இரைச்சல்.
அதற்கும் பின்னால் அவள் குரல், ஒரேயொரு தரம்,
வெளிச்சத்தைக் கீழே இறக்கச் சொல்லி, சிங்களத்தில், கெஞ்சாமல்.
இரத்தக் குளத்தில் கண்ணுக்கு வேலையில்லை.
கையை விட்டு
மண்ணீரலின் காம்பைத் தடவியே பிடித்திருக்கிறாள்.
நான் கைகழுவி உள்ளே போகையில்
இரத்தம் நின்று பதினொரு நிமிடம்.
தினுக விளக்கினான். தெளிவாக, அழகாக விளக்கினான்.
அவள் பஞ்சு எண்ணிக்கொண்டிருந்தாள்.

வந்த முதல்நாள் கேட்டேன், "பிள்ளைக்கு எவ்விடம்?"
"பொகவந்தலாவை, சேர்."
வடக்கில் ஒரு ஊரைச் சொல்லியிருந்தால்
இன்னாரின் மகளா, இன்னாரைத் தெரியுமா என்று
தேத்தண்ணி ஆறும்வரை கேட்டிருப்பேன்.
"ம்" என்றேன். நோயாளியின் கோப்பைப் புரட்டினேன்.
ஆகவே "அவர்கள்" என்று எவரையும் நோக்கி
விரல் நீட்ட இன்றிரவு எனக்கு வசதியில்லை.

எனக்கும் ஒருவர் எழுதினார், தொண்ணூற்றாறில்.
ஒட்டிய உறை. விடுதிக் கேத்தலின் ஆவியில் திறந்தேன்.
"அமைதியானவர். அரசியல் அற்றவர்.
இவரால் ஒரு தொந்தரவும் வராது."
கோபம் வரவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.
பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில்
மடித்து வைத்துத் திரிந்த காலம்;
சோதனைச் சாவடியில் நீட்டியிருந்தால்
அந்தக் கடிதத்துக்கும் வழி விட்டிருப்பார்கள்.
பிணைப் பத்திரம் மாதிரி ஒரு கடிதம்.
இத்தனை வருடமாக அதையேதான்
பெயர் மாற்றிப் பெயர் மாற்றி எழுதியிருக்கிறேன்,
சாவடி எடுபட்ட வீதியில் நின்றுகொண்டு.

மணி மூன்றே கால்.
பணிவானவரை அழித்தேன்.
உழைப்பாளியை விட்டேன், உழைத்தது உண்மைதானே.
பிறகு அதையும் அழித்தேன்.
தினுகவின் கடிதத்தை இனித் திருப்பி அழைக்க முடியாது.
சிபாரிசு செய்பவன் தன்னைப் பற்றி எழுதும் வழக்கமுமில்லை.
லிவர்பூலில் இதை வாசிக்கும் யாரோ
கிழவனுக்கு என்ன பிடித்தது என்று நினைக்கலாம்;
அவளுக்கே கெடுதலாயும் முடியலாம்.

வெற்றுத் திரையில் கோடு துடிக்கிறது.
முதல் வரி:
அன்றிரவு நான் பொரளையில் நின்றேன்.