கிட்டவே

லோஸ்டாஃப்ட். துறைமுகத்திலிருந்து இரண்டு தெரு உள்ளே
என் சலவைக்கடை.
பெயர்ப்பலகைக்கு மேலே ஒரு சாண் அகல விளிம்பு.
ஏப்ரல் ஒன்பதாம் தேதி அதில் ஒரு வாய்ச் சேறு இருந்தது.
பத்தாம் தேதி கடற்பாசி.
பதினொன்றில்,
வெளுத்து மடித்த விரிப்போடு வெளியே போன தாதியின்
தோளில் எச்சம்.

"விடியுமுன் வருகிறேன்" என்றான் ஏணிக்கார டெரன்ஸ் கேட்ச்போல்.
"ஒரு துடைப்பம், பத்து நிமிடம், அறுபது பவுண்டு.
கவுன்சில் தூங்கிக்கொண்டிருக்கும்."

கவுன்சில் தூங்கவில்லை.
மழைக்கோட்டோடு வந்து நின்றாள் பிரிஜெட் ஆல்டஸ்,
கழுத்தில் தொலைநோக்கி, கையில் ஒரு தாள்.
எண்பத்தொன்றாம் ஆண்டுச் சட்டம்.
கூட்டை வேண்டுமென்றே கலைத்தால் குற்றம்,
கட்டி முடிக்காத கூடானாலும்.

"காற்று தள்ளிவிட்டால்?"
"காற்றின் மேல் வழக்கில்லை."
"எந்த நொடியிலிருந்து அது கூடு?"
கொஞ்சம் யோசித்தாள்.
"முதல் சேற்றிலிருந்து."

இந்தப் பலகையை மாட்ட அனுமதி வாங்க
எனக்கு ஏழு மாதம் ஆனது.

பறவையின் பெயர் கிட்டிவேக்,
தன் பெயரைத் தானே கூவும் என்றாள்.
எனக்கு அப்படிக் கேட்கவில்லை.
கிட்டவே, கிட்டவே என்றுதான் கேட்டது.
தாள் சொல்கிறது, எட்ட நில்.
பறவை சொல்கிறது, கிட்டவே.
நடுவில் நான், வாளியோடு.

எட்ட நில் என்ற சொல்லை
எங்கள் ஊர் எதற்கெல்லாமோ செலவழித்திருக்கிறது.
ஒரு முட்டைக்காக அதைச் சொல்லிக் கேட்டது
இதுதான் முதல் தடவை.

அன்றிரவு ஏணி வைத்தது டெரன்ஸ் அல்ல, நான்.
வதனியிடம் சொல்லவில்லை.
தெருவிளக்கு மஞ்சளில், முகத்துக்கு நேரே அது.
மையில் தோய்த்தெடுத்த சிறகு நுனி.
பறக்கவில்லை.
வாயைத் திறந்தது, உள்ளே செம்மஞ்சள்.
துடைப்பத்தைப் பிடித்தபடி அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன்:
வேண்டும். என்று. ஏ.
எனக்கு என்ன வேண்டும்?
ஒரு வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே தெருவைக் கடக்க வேண்டும்.
அதற்கு என்ன வேண்டும்?
ஒரு சாண்.

இறங்கிவிட்டேன்.
கருணை என்று எழுதினால் பொய்.
அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை என்று தாளின் கடைசி வரியில் இருந்தது.
முட்டைக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டியதில்லை.

ஜூன் கடைசியில், ஹோட்டலுக்கு விரிப்புக் கொண்டுபோகும் வழியில்,
கடற்கரையில் கூட்டம்.
மணலில் ஒரு கடல்நாய்க்குட்டி, ஈரக் கல்லைப் போல.
அதற்கும் துள்ளும் ஒரு நாய்க்கும் நடுவே பிரிஜெட்,
ஒற்றை ஆளாய், ஒரு கயிற்றோடு.
"தாய் மீனுக்குப் போயிருக்கிறது.
ஆள் நின்றால் கரையேறாது."
கயிற்றின் மறு முனையை என்னிடம் நீட்டினாள்,
அந்தக் கடலே அவளுடைய துணிக்கொடி என்பதுபோல.

இரண்டு மணி நேரம் பிடித்திருந்தேன்.
ஹோட்டல் நான்கு தடவை அழைத்தது.
படமெடுக்க வந்த ஒருவர் கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினார்.
"எட்ட நில்லுங்கள்"
என்றது ஒரு குரல்,
தமிழில்,
என்னுடையது.
புரிந்துதான் நின்றாரா தெரியவில்லை. நின்றார்.

ஆகஸ்டில் இரண்டு குஞ்சுகள்
சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தன,
தண்டனை வாங்கிய பிள்ளைகளைப் போல.
ஒரு காலை விளிம்பு காலி.
அட்லாண்டிக் என்றாள் பிரிஜெட், தோளைக் குலுக்கி.

டெரன்ஸ் வலைக்கு விலை எழுதிக் கொடுத்திருக்கிறான்.
அனாதைப் பொத்தான்கள் போடும் ஜாடிக்கு அடியில் கிடக்கிறது.
இப்போது கூடு வெறும் கூடு. கலைக்கலாம்,
வேண்டுமென்றே.

வாளியோடு ஏறினேன்.
காய்ந்த சேறு, பாசி, ஒரு மீன்முள்,
அதற்குள் சுற்றிச் சுற்றி நெய்யப்பட்ட
நீல நூல்.
துணிப்பொட்டலம் கட்டும் என் கடை நூல்.

மேசைக்கு எவ்வளவு கிட்ட வந்திருக்க வேண்டும், அதை எடுக்க.