எடைக்கு ஒருவர்

சம்மணத்தில் போனது இடுப்பு.
சிவதாபுரத்துப் பட்டறையில் பதினாறு வருஷம்
குனிந்தபடி கொலுசுக்குப் பற்று வைத்ததில்.
"உயரத்தில் உட்காரும்மா" என்றார் எலும்பு டாக்டர்,
ஏதோ பதவி கொடுப்பதுபோல.

செவ்வாய்ப்பேட்டை மர டிப்போவில் வேங்கைப் பலகை வாங்கினேன்.
டவுன் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்றார் கண்டக்டர்.
ஆட்டோவுக்கு வெளியே நாலடி நீட்டிக்கொண்டு வந்தது,
வால் நுனியில் சிவப்புத் துணியோடு.

ஆணி கிடையாது. அது முதலிலேயே முடிவு.
எதிரே நிற்கிற கஞ்சமலை முழுக்க இரும்புக்கல்தான்,
இருந்துவிட்டுப் போகட்டும்.
வெள்ளித் துகளில் இரும்புப் பொடி விழுந்தால்
காந்தத்தை வைத்துக்கொண்டு அரைநாள் துழாவுகிறவள் நான்.
ஆகவே விரல் பூட்டு:
பலகையின் முனையை விரல் விரலாக அறுத்து
இன்னொன்றின் விரலிடுக்கில் செருகுவது.
போனில் பார்த்தேன். பேசியவனின் பாஷை தெரியாது,
சத்தத்தை அணைத்துவிட்டு
கையை மட்டும் பார்த்தேன்.

வேங்கை லேசில் இறங்காது.
ரம்பம் தொட்டால் சுட்டது.
வேர்வையில் பட்ட தூள் மஞ்சளாக ஊறி
முழங்கைவரை நலங்கு வைத்தவள்போல நின்றேன்.
இந்தத் தடவை நானே வைத்துக்கொண்டது.

அடுத்த போர்ஷன் மாதையன் நூற்றியெட்டு ஓட்டுகிறவர்.
ராத்திரி சைரன், பகலில் தூக்கம்.
மூன்றாம் நாள் கதவைத் திறந்து கேட்டார்:
"யாருக்குப் பொட்டி செய்யறீங்க?"
"உட்கார" என்றேன்.
"மெதுவா உட்காருங்க" என்று சாத்திக்கொண்டார்.
அதன்பிறகு, ஏழரைக்கு அவர் கிளம்பிய பிறகுதான்
கொட்டாப்புளியைத் தொட்டேன்.

உட்காரும் பலகையில் ஐந்து விரல்.
காலிலும் ஐந்து.
இரண்டிலும் ஓரத்தில் விரல்.
சேர்க்கப் போனால் விரல்மேல் விரல்,
சந்துக்குள் நேருக்கு நேர் வந்துவிட்ட இரண்டு மினிபஸ்.
ஒன்றில் விரல் இருக்கிற இடத்தில்
மற்றதில் ஒன்றும் இருக்கக் கூடாது.
இது தெரிய எனக்கு இரண்டு ராத்திரி.

கெட்ட ஐந்தையும் அறுத்துத் தள்ளி
நாலாக வெட்டினேன்.
கால் ஒன்றரை அங்குலம் குட்டை.
மற்ற காலையும் குட்டையாக்கினேன்.
டாக்டர் சொன்ன உயரம் அவ்வளவு குறைந்தது.
கடைக்காரர் என்றால் சேதாரம் என்று பில்லில் போடுவார்.
நான் யார் பில்லில் போட?

வெள்ளிக்கு நெருப்பு போதும்.
ஒரு ஊது, பொடி உருகி ஓடும், முடிந்தது.
மரம் கேட்பது பசையும் பாரமும்,
பிறகு யாரும் அசைக்காமல் இருப்பதும்.
வாடகைக்கு எடுத்த கிளாம்ப் இரண்டில்
ஒன்றின் மரை தேய்ந்து நழுவியது.
இடது மூலை முடியளவு தூக்கி நிற்கிறது.
பசை இறுக ஆரம்பித்துவிட்டது.
தண்ணீர் கேனைத் தூக்கி வைத்தேன். போதவில்லை.

எட்டே காலுக்கு மாதையன் வந்தார்.
சட்டைக் கையில் யாருடையதோ ரத்தம், காய்ந்து.
"கொஞ்சம் இங்க உட்காருங்க."
"எங்க?"
"இந்த முனையில. அசையாம."
ஏன் என்று கேட்கவில்லை.
ராத்திரி முழுக்க அவர்
யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததும்
அதுவாகத்தான் இருக்கும்.

உட்கார்ந்தார்.
இடுக்கு மூடியது.
விளிம்பில் பசை மணி மணியாக வெளியே வந்தது,
கொலுசு முத்துபோல, ஆனால் சத்தமில்லாமல்.
"எவ்வளவு நேரம்?"
"அரை மணி."
"எண்பத்திரண்டு கிலோங்க நானு."
"போதும்."

பத்து நிமிஷத்தில் தூங்கிப்போனார்,
சுவரில் தலை, வாய் லேசாகத் திறந்து.
அரை மணி ஆனது. பிறகு முக்கால்.
ஸ்கூல் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
அவர் அசையவில்லை. பலகையும்.

பசை எப்போதோ பிடித்துவிட்டது, எனக்குத் தெரியும்.
கேனை மட்டும் ஓசைப்படாமல் எடுத்து வைத்துவிட்டு
பட்டறைக்குக் கிளம்பினேன்,
இன்றைக்கும் தரையில் உட்கார.