ஒன்பதாவது கம்பி

கழுத்து வேம்பில்.
குசினி அலுமாரி செய்கிற தர்மகுலசிங்கம்
வரைபடத்தை வாங்கி இரண்டு தரம் எண்ணினார்.
"ஒன்பது ஓட்டையோ? கிற்றாருக்கு ஆறெல்லோ?"
பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
இருபத்தெட்டரை அங்குலம்,
விசிறியாய்ச் சரிந்த ஃப்ரெட்டுகள்,
மயிரிழை பிசகில்லை.
காசை எண்ணி மடிக்கும்போது மட்டும் சொன்னார்:
"வேம்பு வளையாது. கடிச்சால்தான் கைக்கும்."

ஊரின் பெயரை வைத்துப் பகிடி விட வேண்டாம்.
எல்லோரும் விட்டாயிற்று.

முதல் கிழமை மத்திமத்துக்கு மத்திமமாய்க் கட்டினேன்.
கை எங்கே போனாலும் ஒரே வடிவம்,
மூன்றாம் நாளே அலுத்தது.
பஞ்சமமாய் இழுத்தேன்.
மேல்கம்பி அறுந்து
கன்னத்தில் கோடு போட்டுவிட்டுப் போனது.
பிறகு கொப்பி ஒன்று வாங்கி
ஒவ்வொரு சுருதிக்கும் பெயர் வைத்தேன்.
பண்ணைப் பாலம்:
இரு கரையிலும் சுரம், நடுவில் வெறும் காற்று.
பல்வலி:
பக்கத்துக் கம்பிகள் இரண்டுக்கும் நூலளவு பேதம்.
கச்சேரி
(பாட்டுக் கச்சேரியல்ல, அரசாங்கக் கச்சேரி):
ஒரு கம்பி உன்னை மற்றதிடம் அனுப்பும்,
மற்றது இன்னொன்றிடம்,
கடைசிக் கம்பி சொல்லும்,
நாளைக்கு வாங்கோ.

எட்டுக் கம்பியும் ஏதோ ஒரு பெயருக்குத் திரும்பிப் பார்த்தன.
ஒன்பதாவது மட்டும்
ஈரச் சேலை காயும் கொடிக்கயிறு.
இறுக்கினால் உறுமல், தளர்த்தினால் தொளதொளப்பு,
எந்தச் சுரத்திலும் குடியிருக்க மாட்டேன் என்றது.

அதோடு இந்த இரைச்சல்.
அம்பிளிஃபயரைப் போட்டால் போதும்,
ம்ம்ம் என்று அடியில் ஒன்று ஓடும்.
பிக்கப்புக்குச் செப்புத் தகடு சுற்றினேன்.
பற்றவைத்ததைக் கழற்றி மறுபடி பற்றவைத்தேன்.
எர்த் வயரை ஜன்னல் கம்பியில் கட்டி
ஒரு ஷொக்கும் வாங்கினேன்.

யூடித் வந்தாள்.
பகலில் மின்சார சபையில் மீற்றர் வாசிப்பாள்,
இரவில் எங்களுக்கு ட்ரம்ஸ் அடிப்பாள்.
கேட்டுவிட்டுச் சிரித்தாள்.
"உது ஐம்பதடாப்பா. செக்கனுக்கு ஐம்பது.
நாடு முழுக்க ஒத்துக்கொண்ட
ஒரே சுருதி உதுதான்.
உதோட போய்ச் சண்டை பிடிக்கிறியே?"

அன்று பின்னேரம்
ஒன்பதாவதை இரைச்சலுக்கே இறக்கிக் கொடுத்தேன்.
மீற்றரின் முள் இரண்டு எழுத்துக்கு நடுவில்
பச்சையும் காட்டாமல் சிவப்பும் காட்டாமல் நின்றது.
பெயரில்லாத இடம்.
கம்பி அங்கே
வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி இருந்துகொண்டது.
மற்ற எட்டையும் அதைப் பார்த்துத் திருப்பினேன்.
குளிர்சாதனப் பெட்டி, ரியூப் லைற்,
பக்கத்து வளவுத் தண்ணி மோட்டர்,
எல்லாம் சேர்ந்து பிடித்தன.
கொய்யாத்தோட்டம் முழுவதும்
என்னோடு வாசிப்பதாய் ஒரு எண்ணம்.

எட்டுப் பத்துக்குக் கரண்ட் போனது.

இரைச்சலும் போனது.
கையில் இருந்தது
எதற்கும் சேராத ஒன்பது கம்பி.

பிறகு கண்டி வீதிக் கலியாண மண்டபத்தில்
ஜெனறேற்றர் இருமி எழும்பியது.
களைத்த சத்தம்,
ஐம்பதைத் தொடாத சத்தம்.
அம்பிளிஃபயர் இல்லாமல் எப்படிக் கேட்பது?
கழுத்தின் நுனியைப் பல்லால் கவ்விக்கொண்டு
ஒன்பதாவதைத் தட்டினேன்.
கைக்கவில்லை, வார்னிஷ்.
ஆனால் மண்டைக்குள்
கம்பியும் ஜெனறேற்றரும் ஒன்றையொன்று தள்ளின.
வாவ் வாவ். வாவ் வாவ்.
செக்கனுக்கு இரண்டு.

கை தானாக ஆணிக்குப் போனது.
கொஞ்சம் இறக்கினால் சரியாகிவிடும்.

"என்ன கேக்குது?" என்றாள் யூடித்.
கழுத்தை அவள் பக்கம் திருப்பினேன்.
அவளும் கவ்வினாள்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு முழங்காலில் விரல் விழத் தொடங்கியது,
வாவுக்கு ஒன்று, வாவுக்கு ஒன்று,
நடுவே கள்ளமாய் இன்னொன்று.
வாயில் மரத்தோடு சொன்னாள்:
"மாத்தாதை."

ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது.
மண்டபத்தில் யாரோ கைதட்டினார்கள்.