விதைத் தட்டு

கதவுக்கடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது.
விரல் நுழைந்தால் அதுவும் நுழையும் என்றாள் ப்ரான்வின்,
தரையில் கன்னம் வைத்துப் படுத்து
டார்ச் அடித்தபடி.
வாரநாளில் அவளுக்குக் குழாய் ரிப்பேர்.
சனி ஞாயிறில் பாம்பு.

பீச்வொர்த்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்,
மண்சாலை அலுத்துப்போய் நின்றுவிடும் இடத்தில்
யூகலிப்டஸ்களுக்கு நடுவே வீடு.
விற்கும்போது தரகர் சொன்ன ஒரே வார்த்தை: அமைதி.
அமைதிக்கு இத்தனை கால்கள் உண்டென்று
பத்திரத்தில் போடவில்லை.
கூரைக்குள் போஸம் குடும்பத்தோடு குதிக்கிறது.
காரின் வெயில்மறைப்பை இறக்கினால்
உள்ளங்கை அகலச் சிலந்தி, தூக்கம் கலைந்த முகத்தோடு.
கரையானுக்கு ஆண்டுக்கொருமுறை ஆள் வருகிறான்,
சுவருக்கு நாடி பார்க்கிறான்,
பில் கொடுக்கிறான்.
இவையெல்லாம் பழகிவிட்டன.

பழகாதது:
நவம்பரில் துணி காயப்போடப் போனபோது
கொடிக்கம்பத்தின் நிழல்
கம்பத்தை விட்டு நகர்ந்து போனது.

கணவன் பெயர் பொழிலன்.
மரத்தைக் கண்டால் தும்மல்.
அன்றிரவு அவன் பூட்ஸோடு படுத்தான்.
அதன் பெயரை இருட்டிய பிறகு சொல்லாதே என்றான்,
சாமி இல்லையென்று ஊரெல்லாம் வாதாடுகிறவன்.

மதுரையிலிருந்து அண்ணி சொன்னாள்:
சிறியாநங்கை வை, அண்டாது.
விதையைக் கடிதத்தில் மடித்து அனுப்பினாள்.
விதை வரவில்லை, ஒரு படிவம் வந்தது.
இந்த மண்ணுக்கு ஆகாத உயிராம்,
அழித்துவிட்டார்களாம்.
அதுவும் ஃப்ரிட்ஜ் கதவில் தொங்குகிறது,
கறண்ட் பில்லுக்குப் பக்கத்தில்.

பூண்டை நசுக்கிக் கரைத்துத் தெளித்தோம்.
ஒரு வாரம் வீட்டைச் சுற்றி ரச வாசனை.
அது ரசத்தைத் தாண்டி வந்தது.

பூண்டுக் கதைக்கு ப்ரான்வின் சிரிக்கவில்லை.
விறகைச் சுவரிலிருந்து தள்ளி அடுக்கு,
தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி.
கிடக்கிற தகரத்தை அப்புறப்படுத்து.
தூக்கும்போது எதிர் ஓரத்தை உன் பக்கமாகத் தூக்கு,
தகரம் நடுவில் நிற்கட்டும்.
புல் கணுக்காலைத் தாண்டக் கூடாது.
ஓட்டைகளில் இரும்புப் பஞ்சு. அது எலிக்கு.
உன்மேல் அதற்கு ஒரு ஆர்வமும் இல்லை, தெரியுமா?
எலிதான்.

பிறகு நிமிர்ந்து
மரத்தில் தொங்கிய தட்டைப் பார்த்தாள்.

பழைய இட்லித் தட்டு.
குழிக்கொரு பிடி சூரியகாந்தி விதை.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை எனக்கு.
ஒரு கட்டிலின் விரிப்பை உருவி
வெறும் மெத்தையைத் துடைத்துவிட்டு வரும் காலைகளில்
வீட்டுக்குள் போகாமல் இங்கேதான் நிற்பேன்.
ரொசெல்லாக்கள் வரும், சிவப்பும் நீலமுமாய்,
கல்யாண வீட்டுக்கு முதல் ஆளாய் வந்துவிட்ட
சொந்தக்காரர்கள் போல் சத்தம் போட்டுக்கொண்டு.
தின்பதில் பாதி, சிந்துவதில் பாதி.

சிந்தினால் எலி வரும் என்றாள்.
எலி வந்தால்,
முடிக்கவில்லை. கையைத் தரையோடு
நீளமாக இழுத்துக் காட்டினாள்.

மூன்று வருடமாக
இலை போட்டுக் கூப்பிட்டது நான்தான்.

தட்டை இறக்கினேன். புளி போட்டுத் தேய்த்தேன்.
கிளிகள் மூன்று நாள் வந்து
கம்பியைக் கடித்துப் பார்த்தன.
நாலாம் நாள் நான் ஜன்னலைப் பார்க்கவில்லை.
ஐந்தாம் நாள் பொழிலன் அந்தத் தட்டில் இட்லி அவித்தான்.
நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தின்றேன்.

பிப்ரவரியில், அத்தனை பாடுபட்டு உயர்த்திய விறகடுக்கில்
ஒரு சட்டை.
கழுத்திலிருந்து வால்வரை கிழியாமல்
உள்புறம் வெளியாய்க் கழற்றிப் போட்டது,
கண் இருந்த இடத்தில்கூடக் கண்ணாடி.
கொடியில் என் சீருடை காய்ந்துகொண்டிருந்தது.
குச்சியால் தூக்கிப் பிடித்தேன்.
என் தோளில் தொடங்கித் தரையைத் தொட்டது.

பொழிலனிடம் சொல்லவில்லை.
ப்ரான்வினுக்குப் படம் அனுப்பினேன்.
ஏதோ வீட்டின் அடைத்த குழாய்க்கடியிலிருந்து
பதில் போட்டாள்:
நல்லா வளர்ந்திருக்கு.