மழைக்கோடு

செவ்வாய் இரவு பதினொன்று நாற்பது.
பாயிண்ட் ஜூடித் துறைமுகத்தில்
வாடையும் இல்லாத, கொண்டலும் இல்லாத காற்று
இரண்டுக்கும் நடுவிலிருந்து வருகிறது.
அந்தத் திசையின் பெயரைச் சொல்லும்போது
இங்கே குரலைத் தாழ்த்துவார்கள்,
கடன் கொடுத்தவன் பெயரைச் சொல்வதுபோல.

கொல்லையில் என் வெள்ளைப் பலகை.
இரண்டடிக்கு இரண்டடி.
ஆறு மணிக்கொரு தரம் அளந்து, துடைத்து,
மறுபடி வெறும் பலகையாக்கி வைக்க வேண்டும்.
"பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூட
நீ இப்படி அலாரம் வைத்ததில்லை"
என்கிறாள் டெல்ஃபீன், போர்வைக்குள்ளிருந்து.

முதல் அழைப்பு ஒட்டிலி அருடா.
நியூ பெட்ஃபோர்டு மருத்துவமனையில் இரவுப் பணி,
நான்காம் மாடி ஜன்னல்.
"தெருவிளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
இப்போதுதான் ஒன்று விழுந்தது.
இல்லை, மூன்று."

ஐந்து நாள் நாங்கள் தூக்கம் கெட்டது
இந்த மூன்றுக்காகத்தான்.
கரோலினாவுக்குத் தெற்கே
வரைபடத்தில் ஒரு சின்னச் சுழிப்பாக அது கிடந்தபோதே
கண்கொத்திப் பாம்பாய்க் காத்திருந்தோம்.
ஒரு கணிப்பு பதினெட்டு அங்குலம் என்றது.
ஒன்று, கடலோடு போய்விடும் என்றது.
நல்ல செய்தி சொன்னதை நம்பினோம்.
எது நல்ல செய்தி என்று
எங்களில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மணிக்கு அழுத்தம் 989.
இரண்டு மணிக்கு 984.
விரலால் தட்டிப் பார்க்கிறேன்,
முள் இன்னும் கீழே போகிறது, எனக்குள் ஏதோ மேலே ஏறுகிறது.
வெளியே எதிர்வீடு இல்லை.
எதிர்வீட்டின் விளக்கு மட்டும்
எதிலும் மாட்டாமல் தொங்குகிறது.

இரண்டரைக்கு பார்ன்ஸ்டபிளிலிருந்து டோபியாஸ் ஃபென்னர்,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்.
"மழை," என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.
சாவுச் செய்தி கேட்டவர்கள்போல
இருவரும் கொஞ்சநேரம் மூச்சை மட்டும் கேட்டோம்.
கடலில் சூடு இன்னும் ஆறவில்லை.
மழைக்கோடு கரையேறிவிட்டது.
மூன்று மணிக்கு ஒட்டிலி: "என் ஜன்னலிலும்."
மூன்று பத்துக்கு என் கூரையில்
யாரோ மூட்டை அவிழ்த்துக் குருணை கொட்டினார்கள்.

பலகையில் நாலரை அங்குலம். அவ்வளவுதான்.
வூஸ்டரில் சொபொட்காவுக்குப் பதினாறு, இன்னும் கொட்டுகிறது.
காப்பீட்டுக் கணக்கு எழுதுகிற மனிதன்,
பனியென்றாலே முகம் சுளிப்பவன்,
வாசலைத் திறக்க முடியவில்லையென்று புலம்புகிறான்.
கைக்கு எட்டியது பலகைக்கு எட்டவில்லை.

நாலு மணிக்குக் கதவை இடித்தது காற்றில்லை,
காகெஷால்.
அவன் படகின் பின்கயிறு அறுந்து
அது துறைச்சுவரில் மோதிக்கொண்டிருக்கிறது.
ஓடினேன்.
நனைந்த கயிற்றை இடுப்பில் சுற்றி
குதிகாலைப் பலகைகளின் இடுக்கில் ஊன்றி
அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
ஒவ்வோர் அலைக்கும் மரம் முனகியது.
இந்தக் காற்றைத்தான்
வாரம் முழுக்க வா வா என்று கூப்பிட்டிருந்தேன்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கத்தினான்.
"ஐந்து மணிக்குத் திரும்பும்!
வடக்கே திரும்பினால் சுவர் மறைத்துவிடும்!"
நம்பினான். நம்பி, பிடியை மாற்றிக்கொண்டான்.
ஐந்தானது. திரும்பவில்லை.
ஐந்து பத்து. என் பக்கம் பார்த்தான்.
என் வாழ்நாளில் எந்தக் கணிப்புக்கும்
உள்ளங்கைத் தோலைக் கொடுத்ததில்லை.
ஐந்து இருபதுக்கு
கன்னத்தில் அடித்த மழை பிடரிக்கு மாறியது.
கயிறு தளர்ந்தது.
அவன் சட்டைக் கையில் வெள்ளையாய் ஒன்று விழுந்து
கரையாமல் நின்றது.

வீடு திரும்ப ஏழு.
ஆறு மணி அளவு போயிற்று என்று நினைத்தபடி
விளக்கைப் போட்டேன்.
மேசையில் மின்கட்டண உறை,
அதன் முதுகில் டெல்ஃபீனின் கையெழுத்து:
"ஆறு பதினைந்து. தூங்கிவிட்டேன்.
மொத்தம் ஐந்தேகால். மேலே ஓர் அங்குலம் புதுசு,
நடுவில் குருணை, அடியில் உன் பழையது.
அளவுகோல் சாய்ந்திருக்கலாம்."

ஜன்னல் வழியே பார்த்தேன்.
பலகையைத் துடைத்து வைத்திருந்தாள்.
அதைச் சுற்றி வீட்டுச் செருப்பின் தடங்கள்,
பாதி மூடி.